மதுரையை விடப் பக்கத்தில் ஒரு விமான நிலையம்

நம் குடியிருப்பில் மதுரைக்காரர்கள் அதிகம் என்பதால் ஒரு கேள்வி. மீனம்பாக்கத்திலிருந்து வான்வழியில் எது பக்கம், மதுரையா யாழ்ப்பாணமா? லிஃப்டில் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் மதுரை என்றே சொன்னார்கள். மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலி சுமார் 355 கிலோமீட்டர்தான்.

ஆனால் அந்த 355 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், எந்த வருஷத்தில் என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை விட்டபோது அது போன வழி ரத்மலானை, யாழ்ப்பாணம், சென்னை. இலங்கைக்குச் சுதந்திரம் வர அப்போது முழுசாக இரண்டு மாதம்கூட இல்லை. டக்கோட்டா விமானம், மணிக்கு 250 முதல் 300 கிலோமீட்டர் வேகம். யாழ்ப்பாணத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்னை என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

1978-ஓடு இந்த இணைப்பு அறுந்துபோனது. பிறகு போர். 1990-இல் பலாலியைச் சுற்றியிருந்த ஊர்மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது.

அப்புறம் யாழ்ப்பாணத்துக்காரர் சென்னைக்கு எப்படி வருவார்? முதலில் தெற்கே கொழும்புக்குச் சுமார் 400 கிலோமீட்டர் சாலைவழி, அதுவும் பாதை திறந்திருந்தால். பிறகு கட்டுநாயக்காவில் விமானம் ஏறி வடக்கே 645 கிலோமீட்டர். 355-க்குப் பதிலாக ஆயிரத்துச் சொச்சம்!

எங்கள் கிளையில் கணக்கு வைத்திருந்த யாழ்ப்பாணப் பெரியவர் ஒருவர், ஊருக்குப் போகப் பணம் எடுக்க வந்தபோது கவுண்டரில் சொன்னார்: "பிளேன் எங்கட வீட்டுக்கு மேலாலதான் போகுது தம்பி, இறங்கத்தான் ஏலாது." ஏதோ மனவருத்தத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு நோட்டை எண்ணிக் கொடுத்தேன். ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் அட்லஸில் மீனம்பாக்கத்தையும் கட்டுநாயக்காவையும் ஸ்கேல் வைத்து இணைத்தேன். கோடு பலாலியைக் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு போகிறது. நீங்களும் போட்டுப் பாருங்கள்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. 41 வருஷ இடைவெளி. நான்கே மாதத்தில் கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பரில்தான் மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது.

இப்போது பயண நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி. கொழும்புக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதானே, பாதித் தூரத்துக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். கொழும்புக்குப் போவது ஜெட். இங்கே பறப்பது விசிறி வைத்த ஏடிஆர்-72; மணிக்கு 500 கிலோமீட்டர் போனாலே அதிகம். தவிர ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது இதற்கெல்லாம் தூரம் குறைந்தால் நேரம் குறையாது.

பாஸ்போர்ட், விசா கட்டாயம். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். கடல் முடிந்து கரை தெரிந்த கொஞ்ச நேரத்திலேயே சக்கரம் தரையைத் தொட்டுவிடும்.