விம்மல்களை எண்ணியவர்கள்

பாரிஸில் பார்வையற்ற இளைஞர்களுக்கான அரசுப் பள்ளி ஒன்று உண்டு. லூயி பிரெய்ல் படித்த அதே பள்ளிதான். பிரெய்லைவிட ஒன்பது வயது மூத்தவர் க்ளோத் மோந்தால். சிறு வயதில் காய்ச்சலில் பார்வை போனவர். பள்ளியில் இருந்த பியானோக்களுக்குச் சுருதி சேர்க்க வெளியிலிருந்து ஓர் ஆள் வருவார், கண் தெரிந்தவர். அவர் வேலை மோந்தாலுக்குத் திருப்தியாக இல்லை. நண்பன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டு தானே கைவைக்க ஆரம்பித்தார். ட்யூனருக்குக் கோபம், நேரே இயக்குநரிடம் போய்ப் புகார் சொல்லிவிட்டார். இனி பியானோ பக்கமே போகக்கூடாது என்று உத்தரவு.

இருவரும் சும்மா இருக்கவில்லை. பழைய பியானோ ஒன்றைத் தேடிப் பிடித்து, முழுக்கக் கழற்றி, பழுது பார்த்து, பூட்டி, சுருதியும் சேர்த்துக் காட்டினார்கள். அதன்பிறகு பள்ளியின் பியானோக்கள் அவர்கள் பொறுப்பில் வந்தன.

இதில் அப்படி என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஒரு பியானோவில் 88 கட்டைகள், ஏறக்குறைய 230 கம்பிகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக முறுக்க வேண்டும். ஆனால் எண்ணிக்கை அல்ல இங்கே சிக்கல், கணக்கு. தம்புராவில் ஸட்ஜமும் பஞ்சமமும் இழைந்து நிற்கும்போது அவற்றின் அதிர்வெண்கள் 2:3 என்ற விகிதத்தில் இருக்கின்றன. ஒரு சுரத்தில் தொடங்கி, சுத்தமான பஞ்சமமாகப் பன்னிரண்டு முறை ஏறினால், ஏழு ஸ்தாயி தாண்டி அதே சுரத்துக்கு வந்து சேர வேண்டும். வந்து சேராது. ஏழு ஸ்தாயி என்றால் 128 மடங்கு; பன்னிரண்டு பஞ்சமம் ஏறினால் கிடைப்பது 129.746 மடங்கு. அரைச்சுரத்தில் கால்வாசி அளவுக்கு மிச்சம் விழுகிறது. அது யாருடைய தப்பும் இல்லை. எண்கள் அப்படி.

அந்த மிச்சத்தை எங்கேயாவது ஒளித்தே ஆகவேண்டும். பன்னிரண்டு பஞ்சமங்களும் அதைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதுதான் பியானோவின் சமப் பகுப்பு. அதாவது ஒவ்வொரு பஞ்சமத்தையும் அரைச்சுரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது என்பதே அளவாகச் சுருதி கெடுப்பதுதான்!

இவ்வளவு நுண்ணிய அளவைக் காதால் எப்படிப் பிடிப்பது? இதற்குக் கூர்மையான செவியைவிட நிதானமான கால உணர்வுதான் தேவை. 440 முறை அதிரும் கம்பியையும் 441 முறை அதிரும் கம்பியையும் சேர்த்து ஒலித்தால், ஒலி நொடிக்கு ஒருமுறை பெருத்துச் சிறுக்கும். பள்ளிக்கூட இயற்பியலில் விம்மல் என்று படித்தோமே, அதேதான். நடு ஸ்தாயியில் 220 அதிர்வு கொண்ட ‘ஏ’யும் அதன் பஞ்சமமும் சமப் பகுப்பில் சரியாக இருந்தால், நான்கு நொடிக்கு மூன்று விம்மல் கேட்கும். அந்த ‘ஏ’யையே காந்தாரமாகக் கொண்ட கீழ் ‘எஃப்’போடு சேர்த்தால் நொடிக்கு ஏழு. ட்யூனர் இந்த வேகங்களை மனதில் ஏற்றிக்கொண்டு ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார். கண்ணுக்கு இங்கே வேலையே கிடையாது.

மோந்தால் 1836இல் புத்தகம் வெளியிட்டார். தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘தன் பியானோவுக்குத் தானே சுருதி சேர்க்கும் கலை’. தன் தொழில் ரகசியத்தைத் தானே அவிழ்த்து யாரும் கற்றுக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார். பிறகு சொந்தமாகப் பியானோ செய்து, 1851இல் லண்டன் கண்காட்சி வரை கொண்டுபோனார். ஐரோப்பாவின் பார்வையற்றோர் பள்ளிகளில் பியானோ ட்யூனிங் ஒரு தொழிற்கல்வியாக வேரூன்ற அவர் ஒரு முக்கியக் காரணம். 1872இல் லண்டனில் தொடங்கிய ராயல் நார்மல் கல்லூரியும் ட்யூனர்களைப் பயிற்றுவித்தது. பிச்சையும் கூடை முடைதலும் மட்டுமே விதி என்றிருந்தவர்களுக்கு, வீடு வீடாகப் போய்க் கௌரவமாகச் சம்பாதிக்க ஒரு வேலை கிடைத்தது.

இன்னொரு பாதையும் அதே காலத்தில்தான் திறந்தது. ஜெர்மனியின் க்ரேஃபெல்ட் நகரில் ஷைப்லர் என்ற பட்டு உற்பத்தியாளர், 56 இசைக்கவைகளை வரிசையாகச் செய்துவைத்தார். ஒரு கவைக்கும் அடுத்ததற்கும் நொடிக்கு நான்கு அதிர்வு வித்தியாசம். 220இலிருந்து 440 வரை ஒரு ஸ்தாயி முழுக்க அளந்தாயிற்று. 1834இல் அதைப் பற்றி எழுதினார். இங்கேயும் எண்ணுவது விம்மலைத்தான். ஆனால் கம்பிகளை ஒன்றோடொன்று பேசவைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கம்பியையும் முன்பே அளந்த கவையோடு ஒப்பிட்டால் போதும். இன்றைய ட்யூனிங் செயலிகளின் கொள்ளுத்தாத்தா இவர்தான்.

1880களில் இங்கிலாந்தின் அலெக்சாண்டர் எல்லிஸ் அரைச்சுரத்தை நூறு ‘சென்ட்’டாகப் பிரித்தார். ப்ராட்வுட் நிறுவனத்தின் தேர்ந்த ட்யூனர்கள் சுருதி சேர்த்த பியானோக்களை அளந்து பார்த்தால், ஒன்றுகூடக் கணக்கின்படி அச்சாக இல்லை. 1936இல் அமெரிக்காவின் கான் நிறுவனம் ஸ்ட்ரோபோகான் என்ற கருவியைக் கொண்டுவந்தது. சுழலும் தட்டுகள், பின்னால் மினுங்கும் விளக்கு. சுரம் சரியாக இருந்தால் கோலம் அசையாமல் நிற்கும். இல்லையென்றால் ஒரு பக்கம் நகரும். சுருதி கண்ணுக்குத் தெரிந்தது.

இங்கேதான் கதை திரும்புகிறது. ரெய்ல்ஸ்பேக் என்ற இயற்பியலாளர், நல்ல ட்யூனர்கள் காதால் சேர்த்த பியானோக்களை இப்படி அளந்து 1938இல் வெளியிட்டார். உச்ச சுரங்கள் கணக்கைவிட ஏறக்குறைய 30 சென்ட் ஏறியிருந்தன. அடி சுரங்கள் அதேபோல் இறங்கியிருந்தன. அப்போ இத்தனை வருஷமா எல்லாரும் தப்பாவா சேர்த்தாங்க? இல்லை. 1943இல் ஷக், யங் இருவரும் காரணத்தை விளக்கினார்கள். எஃகுக் கம்பி விறைப்பானது. அதன் மேல்தொனிகள் கணக்கைவிடச் சற்று ஏறி ஒலிக்கின்றன. காது அந்த மேல்தொனிகளோடு ஸ்தாயியைப் பொருத்துகிறது. ஆகவே ஸ்தாயி கொஞ்சம் நீளத்தான் வேண்டும். சுத்தக் கணக்குப்படி சேர்த்த பியானோதான் காதுக்கு இடறும்.

பிற்பாடு வந்த கருவிகள் அந்த ‘தப்பை’க் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1980களின் சாண்டர்சன் அக்யூ-ட்யூனரோ இன்றைய கைப்பேசிச் செயலியோ, எதிரில் இருக்கும் பியானோவின் விறைப்பை அளந்து அதற்கேற்ற வளைவைப் போடுகின்றன. நன்றாகவே போடுகின்றன. மேடையில் நாற்காலி இழுக்கும் சத்தத்துக்கு நடுவே வேலை செய்பவருக்கும், வயதாகி உச்ச சுரங்கள் மங்கலாகக் கேட்பவருக்கும் அது பெரிய உதவி. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளட்டும் என்று கதவைத் திறந்தவர்தானே மோந்தாலும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மோந்தால் எழுதிவைத்த முறை, கண் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே முறை. சுழலும் கோலமும் ஓடும் விளக்குகளும் அப்படி இல்லை. எது துல்லியம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, யார் வல்லுநர் என்பது ஓசையில்லாமல் மாறிவிட்டது. அமெரிக்காவின் வான்கூவர் நகரில் பார்வையற்றோர் பள்ளி ட்யூனிங் வகுப்பைக் கைவிட்டபோது, அங்கே கற்பித்த எமில் ஃப்ரைஸ் 1949இல் ‘பியானோ மருத்துவமனை’ என்ற பெயரில் தானே ஒரு பயிற்சிக்கூடம் திறந்தார். அவருக்கும் பார்வை மிகக் குறைவுதான். கருவியோடு மல்லுக்கட்ட அவர் அதைத் திறக்கவில்லை. ஒரு வேலையைக் கைநழுவ விடக்கூடாது என்பதற்காகத் திறந்தார்.

அமெரிக்கப் பியானோ தொழில்நுட்பர் சங்கம் ட்யூனர்களுக்குத் தேர்வு வைக்கிறது. தேர்ந்த சிலர் கூடி, ஒரு பியானோவைக் காதால் சேர்த்து, விவாதித்து, திருத்தி முடிப்பார்கள். அதைக் கருவி பதிவு செய்துகொள்ளும். பிறகு தேர்வு எழுத வந்தவரின் வேலையை அந்தப் பதிவோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார்கள். அளப்பது கருவிதான். எதை வைத்து அளக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது, இன்னமும், ஒரு பழைய அறையில் உட்கார்ந்து விம்மல் எண்ணும் சில காதுகள்.