மாதுளை முத்து போல ஒரு புழு

மேட்டுப்பாளையம் என்றதும் ஊட்டி ரயிலை நினைக்காதீர்கள். நான் சொல்வது புதுச்சேரி மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டையும் லாரிகளும் நிறைந்த இடம். பக்கத்தில் குரும்பாபேட்டில் 1994-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் குடலுக்காக நின்றிருந்தேன். கடைக்கார அண்ணன் செம்மறியாட்டின் பெரிய இரைப்பையைத் திருப்பிப் போட்டார். பூத்துவாலை போன்ற அந்தத் தோலில் மாதுளை முத்து மாதிரி சிவப்பாக என்னவோ கொத்தாக ஒட்டியிருந்தது.

"என்னண்ணே இது?"

"புழு தம்பி. சுண்ணாம்பு போட்டுக் கழுவினா போயிடும்."

போய்விடும்தான். ஆனால் இந்தப் புழுக்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து அடையாளம் காண ஒரு நல்ல வழி கிடைக்க ஏறக்குறைய 150 வருடம் ஆனது. அந்தக் கதைதான் இது.

1790-இல் செடெர் என்ற ஜெர்மானியர் இந்த வகைப் புழு ஒன்றுக்கு மானின் பெயரால் 'செர்வி' என்று பெயர் வைத்தார். 1801-இல் ருடால்ஃபி இவற்றை 'ஆம்பிஸ்டோமா' என்றார். கிரேக்கத்தில் 'இருபுறமும் வாய்' என்று பொருள். வேடிக்கை என்னவென்றால் பின்பக்கம் இருப்பது வாயே இல்லை. இரைப்பையைப் பிடித்துக்கொள்ளும் உறிஞ்சி! பெயர் தப்பு, ஆனாலும் இன்றுவரை ஆம்பிஸ்டோம் என்றுதான் சொல்கிறோம்.

1901-இல் ஃபிஷோடர் பல புதிய பேரினங்களைப் பிரித்தார். ஆனாலும் சிக்கல் தீரவில்லை. கல்லீரல் தட்டைப்புழு இலை போல மெல்லியது, கண்ணாடித் தகட்டில் வைத்தால் உள்ளே எல்லாம் தெரியும். இதுவோ தடித்த சதைப் பிண்டம். நசுக்கினாலும் ஒன்றும் தெரியாது.

1937-இல் ஸ்வீடனின் நாஸ்மார்க் வழி கண்டார். புழுவை நடுவே நீளவாக்கில் மெல்லிய சீவலாக வெட்டி, பின் உறிஞ்சி, தொண்டை, இனப்பெருக்கத் துளை ஆகிய மூன்றின் தசை அடுக்குகளைப் பார்த்தார். இனத்துக்கு இனம் அந்த அமைப்பு மாறியது.

அடுத்த வருடமே, 1938-இல், நம் நாட்டில் எச்.டி. ஸ்ரீவஸ்தவா 'கோட்டிலோஃபோரான்' என்ற ஆம்பிஸ்டோமின் வாழ்க்கைச் சுழற்சியை வெளியிட்டார். குளம், வயலில் வாழும் 'இண்டோபிளானார்பிஸ்' நத்தைக்குள் வளர்ந்து, வெளியே வந்து புல்லில் ஒட்டிக்கொண்டு, ஆட்டின் வயிற்றுக்குப் போகிறது. இந்த நத்தைக்கும் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. புதுச்சேரித் தாவரத் தோட்டத்துக்காக வந்த பெலாஞ்செயின் பயண நூலில்தான் 1834-இல் டெஷே அதற்குப் பெயர் வைத்தார்.

சரி, பெயரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஆட்டின் உயிர் இருக்கிறது!

நாம் இரைப்பையில் பார்க்கும் வளர்ந்த புழு பெரிய தீங்கு செய்வதில்லை. கொல்வது குட்டிப்புழுதான். அது முதலில் சிறுகுடலில் புதைந்து வளர்கிறது. ஆடு கடுமையாகக் கழிந்து, தாடையில் நீர் கோர்த்துச் சாகும். அந்த நேரத்தில் சாணத்தைச் சோதித்தால் முட்டையே இருக்காது, ஏனென்றால் குட்டிப்புழு முட்டையிடாது. முட்டை தெரிந்தாலும் குழப்பம்தான். கல்லீரல் புழுவின் முட்டை பொன்மஞ்சள், ஆம்பிஸ்டோம் முட்டை நிறமற்றது. மற்றபடி இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. மாற்றிச் சொன்னால் மருந்தும் மாறிவிடும். கல்லீரல் புழுவைக் கொல்லும் டிரைகிளாபென்டசோல் இதன்மேல் வேலை செய்யாது, ஆக்சிகுளோசனைடு வேண்டும்.

பிரிட்டனில் வெகுகாலம் இதை 'செர்வி' என்றே எண்ணியிருந்தார்கள். 2013-இல் வெளியான மரபணு ஆய்வு, அங்கே ஆடுமாடுகளில் இருப்பது 'காலிகோஃபோரான் டாப்னெயி' என்று காட்டியது. அந்த இனத்துக்கு நத்தையும் வேறு. எந்த நத்தை என்று தெரிந்தால்தான் எந்த மேய்ச்சலைத் தவிர்ப்பது என்று தெரியும்.

கறிக்கடையில் கழுவிவிடப்படும் அந்த முத்துகளை அடுத்த முறை கொஞ்சம் நின்று பாருங்கள் நண்பர்களே. நம் கண்ணுக்குத் தெரிவது பிழைத்த ஆட்டின் புழு. செத்த குட்டியின் புழுவை யாரும் தேடிப் பார்ப்பதில்லை.