சிசுபால்கர்: புனே ஆய்வாளர் தேடிய கலிங்க நகரம்

காரவேலனின் அத்திகும்பாக் கல்வெட்டு, அவன் தனது முதல் ஆட்சியாண்டில் சூறைக்காற்றால் சிதைந்த கலிங்க நகரத்தின் வாயில்களையும் மதிலையும் செப்பனிட்டான் என்று கூறுகிறது. அக்கல்வெட்டே தமிழ்நாட்டுக் கூட்டணியொன்றை அவன் உடைத்ததையும் குறிப்பிடுவதாகப் பலர் கொள்வர். கூட்டணி நிலைத்த காலத்தை 113 ஆண்டு என்பாரும் 1300 ஆண்டு என்பாரும் உளர்; அத்தொடருக்குத் தமிழகத்தோடு தொடர்பில்லை எனப் படித்தோரும் உளர். கூட்டணி குறித்து மிகுதியாக எழுதிய தமிழாய்வுலகம், அதனை எதிர்த்த மன்னனின் நகரைப் பற்றிக் காட்டிய அக்கறை குறைவே.

புவனேசுவரத்தை ஒட்டியுள்ள சிசுபால்கரே அந்நகரம் என்பது பலரது கருத்து. 1948இல் பி.பி.லால் அங்கு அகழாய்வு நடத்தினார். பக்கம் ஏறத்தாழ 1.2 கி.மீ. நீளமுள்ள சதுரக் கோட்டை. பக்கத்துக்கு இரண்டாக எட்டு வாயில்கள். முதலில் களிமண்ணால் எழுப்பப்பட்ட மதில், பின்னர்ச் செம்புரைக்கல் சரளையாலும் செங்கற்சுவராலும் வலுப்படுத்தப்பட்டதை அவர் காட்டினார். ஆயின் மதிலுக்குள் நகரம் எவ்வாறு இருந்தது என்பது சில குழிகளால் விளங்கவில்லை.

இவ்வினாவை 2005 முதல் மீண்டும் எடுத்துக்கொண்டோர் புனே தக்காணக் கல்லூரியின் ஆர்.கே.மொகந்தியும் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மோனிகா சுமித்தும் ஆவர். எச்.டி.சங்காலியா காலந்தொட்டுக் கால்நடையாகக் கள ஆய்வு செய்வதில் பெயர்பெற்ற நிறுவனம் அக்கல்லூரி. இங்கும் வயல்வெளிகளில் நடந்து மேற்பரப்புப் பானையோடுகளைத் தொகுத்தனர். அதனோடு நிலஇயற்பியல் அளவீட்டையும் இணைத்தனர். இத்தகைய அளவீடுகளின் அடிப்படை எளிது. தீயில் சுட்ட செங்கல்லும் அடுப்பும் சுற்றியுள்ள மண்ணினின்றும் வேறுபட்ட காந்தத்தன்மை உடையன. புதைந்த கற்சுவர் மின்னோட்டத்தைத் தடுக்கும். ஈரமண் நிரம்பிய பழைய அகழி எளிதில் கடத்தும். வேறுபாடுகளைக் கட்டம் கட்டமாகக் குறித்தால், மண்வெட்டி படுமுன்னரே ஒரு வரைபடம் கிடைக்கிறது.

அளவீட்டையும் பின்தொடர்ந்த அகழாய்வையும் கொண்டு, வாயில்களோடு இயைந்த திட்டமிட்ட தெருவமைப்பு இருந்தது என அவர்கள் முன்வைத்தனர். மக்கள் தொகை 20,000 முதல் 25,000 வரை இருந்திருக்கலாம் எனவும் மதிப்பிட்டனர். லால் கி.மு. 300 அளவில் தொடங்கிய குடியிருப்பு, அதற்கும் முற்பட்டதாகத் தெரியவந்தது. ஊரார் 'சோளகம்பா', அதாவது பதினாறு தூண்கள், என வழங்கும் நடுப்பகுதிக் கற்றூண்களும் நகரமைப்போடு சேர்த்து ஆராயப்பட்டன.

எனினும் எந்தக் கருவியும் நகரின் பெயரைச் சொல்வதில்லை. அருகிலுள்ள தௌலியின் அசோகர் கல்வெட்டு தோசலியைச் சுட்டுவதால், சிசுபால்கர் தோசலியே என வாதிடுவோரும் உளர். மதிலின் தடத்தை அளவீடு தரும். காலத்தை அடுக்கு தரும். பெயரைத் தரவேண்டியது கல்வெட்டுப் படிப்பே. சூறைக்காற்றால் சிதைந்த வாயில் எது என்பதும் இவ்விரு துறையாரும் சேர்ந்து தீர்க்கவேண்டிய வினா.

காலமோ குறுகியது. புவனேசுவரம் விரிந்து வருகையில் மதிலுக்குள்ளேயே புதிய வீடுகள் எழுந்துள்ளன. இரும்புக் கம்பி இட்ட கட்டடமும் மின்வடமும் உள்ள இடத்தில் காந்தமானி பயன்படாது. கரூரும் உறையூரும் இதே இடர்ப்பாட்டில் உள்ளன. அங்கே பழைய நகரின் மேல் இன்றைய ஊர் வாழ்கிறது. சிசுபால்கரில் திறந்த வயல்கள் இன்னும் சில எஞ்சியிருந்த காலத்தில் அளவீடு நடந்தது.