ஆழ்சிரை இரத்த உறைவு

கால் தசைகளுக்கு நடுவே ஓடும் ஆழமான சிரைகளில் இரத்தம் கட்டியாக உறைந்துபோகும் நோய். பெரும்பாலும் ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு தெரியும். சிலருக்கு எதுவுமே தெரியாது. கட்டி பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்தால் உயிர் போகலாம்.

சுஸ்ருத சம்ஹிதையில் வரும் ஒரு கால்வீக்கக் குறிப்பை இந்நோயாகக் கொள்வோர் உண்டு. அதை ஏற்காதோரும் உண்டு. ஐயம் குறைந்த முதல் பதிவு 1271ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நார்மண்டியைச் சேர்ந்த ராவுல் என்ற இருபது வயதுச் செருப்புத் தொழிலாளிக்குக் கணுக்காலும் கெண்டைக்காலும் வீங்கின. பொறுத்திருந்து பார்க்கச் சொன்னார் அறுவை வைத்தியர். வீக்கம் தொடைக்கு ஏறி, புண்ணும் வைத்தது. ராவுல் புனித லூயி மன்னரின் கல்லறைக்குப் போய், கல்லுக்கு அடியில் திரண்ட தூசியைப் புண்ணில் பூசிக்கொண்டார், ஆறிவிட்டது. 1282இலும் அவர் உயிரோடிருந்தார். மன்னரின் அற்புதங்களைத் தொகுத்த நூலில்தான் இது இருக்கிறது. எந்தக் கால், எதுவரை வீக்கம் என்ற விவரமெல்லாம் மருத்துவருக்காக அல்ல, பக்தருக்காகக் குறிக்கப்பட்டவை.

அடுத்த சில நூற்றாண்டுகளில், பிரசவித்த பெண்ணின் கால் வீங்கினால் தாய்ப்பால் காலில் இறங்கிவிட்டது என்றே ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினார்கள்.

காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் பயணிக்கிறது என்று காட்டியவர் ஜெர்மானியரான ருடால்ஃப் விர்ஷோ. 1856இல் வெளிவந்த அவரது கட்டுரைத் தொகுப்பில் இது விரிவாக இருக்கிறது. இரத்த ஓட்டம் தேங்குவது, சிரையின் சுவர் சேதமடைவது, இரத்தமே உறையும் இயல்பு கொள்வது ஆகிய மூன்று காரணங்களும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. அவற்றை அவரே இப்படிச் சேர்த்துச் சொன்னாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

ஓட்டம் தேங்கினால் கட்டி உண்டாகும் என்பதற்கு 1940இல் ஒரு சான்று கிடைத்தது. லண்டன்மீது குண்டுமழை பொழிந்த மாதங்களில், திடீர் நுரையீரல் அடைப்பு மரணங்கள் முந்தைய ஆண்டைவிட ஆறு மடங்கானதை நோயியலாளர் கீத் சிம்ப்சன் கவனித்தார். இறந்தவர்களில் பலர் பதுங்கிடங்களில் இரவெல்லாம் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தே தூங்கியவர்கள். நாற்காலியின் முன்சட்டம் முழங்காலுக்குப் பின்னால் அழுத்தி இரத்தத்தைத் தேக்கியது என்றார் அவர். படுக்கைகள் வேண்டும் என்றும் வலியுறுத்தினார். ஆனால் படுக்கையும் குற்றமற்றதல்ல. அறுவைக்கும் பிரசவத்துக்கும் பின் வாரக்கணக்கில் அசையாமல் படுக்கவைத்த மருத்துவமனை வழக்கமே கட்டிகளை வளர்த்தது. அது கைவிடப்படப் பல ஆண்டுகள் பிடித்தன.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் ஹோமன்ஸ் 1954இல் விமானம், கார், நாடக அரங்கு என நெடுநேரம் உட்கார்ந்தவர்களின் கட்டிகளைப் பதிவுசெய்தார். பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போது கெண்டைக்கால் வலித்தால் கட்டி இருக்கலாம் என்ற சோதனைக்கு அவர் பெயர்தான். கட்டி இல்லாதவருக்கும் வலித்தது, இருந்தவருக்கும் வலிக்காமல் போனது. தம் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டதில் ஹோமன்ஸுக்கே மகிழ்ச்சியில்லை என்பார்கள்.

சிரையில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறை நம்பகமானது, ஆனால் வலி மிகுந்தது. 1980களில் அல்ட்ராசவுண்ட் அந்த இடத்தைப் பிடித்தது. கருவியால் அழுத்தும்போது ஆரோக்கியமான சிரை தட்டையாகும். கட்டி உள்ள சிரை அமுங்காது. 1990களில் கனடாவின் ஃபிலிப் வெல்ஸ் குழு புற்றுநோய், அண்மை அறுவை, ஒரு கால் வீக்கம் முதலியவற்றுக்கு மதிப்பெண் கொடுத்து வாய்ப்பைக் கணிக்கும் முறையை வகுத்தது.

டி-டைமர் என்ற பொருளின் அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையும் 1990களிலிருந்து பரவலாயிற்று. வெல்ஸ் மதிப்பெண் குறைவாக இருந்து இதன் அளவும் இயல்பாக இருந்தால் ஸ்கேன் இல்லாமலே கட்டி இல்லை எனக் கருதலாம். அளவு கூடினால் மட்டும் கட்டி உறுதியாகிவிடாது. கர்ப்பம், தொற்று, முதுமை ஆகியவற்றிலும் அது கூடும்.