எலி தின்ற பெயர்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குப் போகிற சாலையில் கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்துவிடும். அந்தக் காலத்தில் கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டிய பெரியவர் ஒருவரிடம் பழைய இசைத்தட்டுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மாங்காய்க் கூடைகளுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி. உள்ளே, ஊசி ஓடி ஓடிக் கருப்பு வெளுத்துப்போன அரக்குத் தட்டுகள். ஒன்றின் நடுக் காகிதத்தில் எலி தின்றது போக மிஞ்சியது, ‘அபிமன்யு’ என்ற படப்பெயர் மட்டும்.

“நம்ம எலப்புள்ளிக்காரர் மெட்டுங்க தம்பி இது” என்றார்.

எலப்புள்ளிக்காரர் என்றால் எம்.எஸ். விஸ்வநாதன். 1928-இல் இதே பாலக்காட்டுச் சீமையில் பிறந்தவர். ஆனால் ‘அபிமன்யு’ 1948-இல் வந்த ஜூபிடர் பிக்சர்ஸ் படம். ராமமூர்த்தியோடு அவர் பெயரும் சேர்ந்து திரையில் வந்தது 1952-இல், கலைவாணர் இயக்கிய ‘பணம்’ படத்தில்தான். பெரியவருக்கு ஊர்ப்பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

காகிதச் சாட்சியமும் என் பக்கமே இருந்தது. படத்துக்கு இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு, சி.ஆர். சுப்பராமன். பத்தொன்பது வயது விஸ்வநாதன் அப்போது கோவையில் நாயுடுவிடம் எடுபிடியாகவும் ஆர்மோனியக்காரராகவும் இருந்தவர்.

ஆனால் விஸ்வநாதனே பின்னாளில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். ஒரு பாட்டுக்கு மெட்டு அமையாமல் நாயுடு திணறிக்கொண்டிருந்தார். அவர் இல்லாத நேரத்தில் பையன் ஆர்மோனியத்தில் போட்டுப் பார்த்த மெட்டு அவர் காதில் விழுந்தது. பிடித்துப்போயிற்று. பையன் போட்டது என்று தெரிந்தால் முதலாளிகள் ஒதுக்கிவிடுவார்கள், வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டார். ஜூபிடர் கோவையை விட்டுச் சென்னைக்குப் போனபோது நாயுடுவே முதலாளி சோமுவிடம் உண்மையைச் சொல்லி, இவனையும் கூட்டிப் போங்கள் என்றாராம்.

தன் புகழைத் தானே குறைத்துக்கொள்கிறவனின் வாக்குமூலத்துக்கு ஆவணக்காரர்களிடம் மதிப்பு அதிகம். நாயுடு சோமுவிடம் சொன்னது அப்படிப்பட்டது. அதுவும் விஸ்வநாதன் வாய்வழிதானே வருகிறது என்று கேட்கலாம். எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. ஆனால் குருவைச் சிறுமைப்படுத்த அவர் அதைச் சொல்லவில்லை. கடைசிக் காலத்தில் நாயுடுவைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் அவர்.

என்னை அசைத்தது இன்னொரு பெயர். அதே ‘அபிமன்யு’வுக்கு வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. திரையில் வந்த பெயர் ஏ.எஸ்.ஏ. சாமி. ஒரே படத்தில் இரண்டு இளைஞர்களின் வேலை இரண்டு பெரியவர்களின் பெயரில் போயிருக்கிறது. அந்தப் படத்தின் பெயர்ப்பட்டியலை இனி எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது?

காகிதம் போனாலும் தட்டில் எண் போகாது. வரிப்பள்ளங்கள் முடிகிற இடத்துக்கும் நடுக் காகிதத்துக்கும் இடையில் அரக்கிலேயே பதிந்திருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, இரண்டு பக்கத்து எண்களையும் குறித்துக்கொண்டேன். இசைத்தட்டுக் கம்பெனிப் பட்டியலோடு ஒப்பிட்டால் என்னென்ன பாட்டு என்று தெரிந்துவிடும்.

“இதுல எந்தப் பக்கம்ங்க அவர் மெட்டு?” என்று பெரியவரிடம் கேட்டேன்.

தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டு பக்கமுந்தாங்க.”