ஆங்கிலேயர் பிரெஞ்சு பேசக் கற்ற வரலாறு

பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த வோல்டர் பிபெஸ்வேத் என்னும் பிரபு ஒரு செய்யுள் நூல் இயற்றினார். உயர்குடிப் பெருமாட்டி ஒருவர் தம் குழந்தைகளுக்குப் பிரெஞ்சு மொழி கற்பிக்க வேண்டுமென்று விரும்பினார். அவர்பொருட்டு எழுந்தது அந்நூல். உடலுறுப்புகளின் பெயர், உடையின் பெயர், உழவுத்தொழில், அப்பம் சுடுதல், மது வடித்தல், விலங்குகளும் பறவைகளும் எழுப்பும் ஒலிகள் என வீட்டிலும் வயலிலும் வழங்கும் சொற்களெல்லாம் அதிலே முறைப்பட வருகின்றன. பிரெஞ்சில் உதடு, முயல், இறாத்தல், நூல் ஆகியவற்றின் பெயர்கள் ஒன்றுக்கொன்று மிக அணுக்கமாக ஒலிப்பன. முன்னே நிற்கும் பாற்சொல் ஆணா பெண்ணா என்று நோக்கி அவற்றை எவ்வாறு பிரித்தறிவது என்பதையும் ஆசிரியர் மறவாது சொல்லுகின்றார். உயிரில்லாப் பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் வகுக்கும் இவ்வழக்கு, திணை வேறுபாடு அறிந்த தமிழருக்கு வியப்பளிப்பது. அக்காலத்து ஆங்கிலமும் அவ்வழக்கைக் கைநெகிழ விட்டிருந்தது. கடினமான சொற்களுக்கு வரிகளின் இடையே ஆங்கிலத்திற் பொருள் எழுதப்பட்டுள்ளது. நம் ஏடுகளிற் காணும் அரும்பதவுரை போன்றது அது.

நேயர்களே, இந்நூலிலே ஒரு விந்தை உண்டு. பிரெஞ்சு அந்நாளில் இங்கிலாந்தை ஆண்டோரின் மொழி. 1066ஆம் ஆண்டு நோர்மண்டிக் கோமகன் வில்லியம் அந்நாட்டை வென்றபோது அவனோடு வந்த மொழி அது. அரண்மனையும் பிரபுக்களின் மாளிகையும் அதிலேயே பேசின. நீதிமன்றமும் காலப்போக்கில் அதனைக் கைக்கொண்டது. அத்தகைய மொழியைப் பிரபு குலத்துக் குழந்தைகளே அரும்பதவுரை கொண்டு கற்க நேர்ந்தது ஏன்?

வென்றோர் சிலர், வெல்லப்பட்டோர் பலர். செவிலித்தாய் ஆங்கிலப் பெண், ஏவலாளர் ஆங்கிலேயர், இரு சாராரிடையே மணவினையும் நிகழ்ந்தது. 1204ஆம் ஆண்டில் நோர்மண்டியே ஆங்கில அரசரின் கையை விட்டுப் போயிற்று. சில தலைமுறைகளுக்குள் பிரபுவின் மகனும் ஆங்கிலத்திலேயே அழுதான், ஆங்கிலத்திலேயே விளையாடினான். ஆனால் அவன் பெறவேண்டிய நிலமும் பதவியும் வழக்குரிமையும் பிரெஞ்சு மொழியறிவை வேண்டி நின்றன. அதனாலேயே தாய்க்கு ஒரு நூல் தேவைப்பட்டது.

அடுத்த நூற்றாண்டிலே இந்நிலை பாடசாலையை எட்டியது. செஸ்டர் மடத்துத் துறவி ரனுல்ஃப் ஹிக்டன் இலத்தீனில் எழுதிய உலக வரலாற்றில், பள்ளிச் சிறுவர் தாய்மொழியை விட்டுப் பிரெஞ்சு வாயிலாகவே பாடம் சொல்லுமாறு வற்புறுத்தப்படுவதை எடுத்துக் கூறி வருந்துகின்றார். நாட்டுப்புறத்தாரும் தம்மை மதிப்பர் என்றெண்ணிப் பிரெஞ்சு பேச முயன்றனராம். 1385இல் அவ்வரலாற்றை ஆங்கிலத்திற் பெயர்த்துக்கொண்டிருந்த ஜோன் ட்ரெவீசா இவ்விடத்தில் நின்று, தம் கூற்றாகச் சிலவற்றைச் சேர்க்கின்றார். 1348இல் வந்த பெருங் கொள்ளைநோய்க்குப் பின் ஜோன் கோன்வால் என்னும் உபாத்தியாயர் தொடக்கிய மாற்றத்தால், இலக்கணப் பள்ளிகள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டன என்கின்றார். அதனால் வந்த நன்மையும் தீமையும் இரண்டையும் அவர் நிறுத்துப் பார்க்கின்றார். சிறுவர் முன்னிலும் குறைந்த காலத்தில் இலக்கணம் பயில்கின்றனர். ஆனால் பிரெஞ்சு அறவே அறியார். கடல் கடந்து பிறநாடு செல்ல நேரின் இடர்ப்படுவர். பயிற்றுமொழி மாறிய நாடுகளில் இவ்வாறு இரு பக்கமும் நோக்கிப் பேசியோர் மிகுதியாக இருந்திலர். ட்ரெவீசா இதனை எழுதுமுன்பே, 1362இல், நீதிமன்ற வழக்குகள் ஆங்கிலத்திலேயே நிகழ்தல் வேண்டுமென ஒரு சட்டம் பிறந்திருந்தது. மக்கள் பிரெஞ்சு அறியார் என்று காரணம் கூறும் அச்சட்டம் எழுதப்பட்ட மொழியோ பிரெஞ்சு.

பிரெஞ்சு வீட்டை விட்டு நீங்க நீங்க, அதனைப் பேசக் கற்பிக்கும் நூல்கள் பெருகின. 1396இல் எழுந்த உரையாடல் நூலொன்று வழிகேட்டல், விடுதியில் தங்கல், பண்டம் கொள்ளல் முதலியவற்றை வழிப்போக்கனுக்கு உரையாடலாகவே சொல்லிக் கொடுத்தது.

1530இல் ஜோன் பால்ஸ்கிரேவ் வெளியிட்ட இலக்கணம் ஏறத்தாழ ஆயிரம் பக்கம் கொண்டது. எட்டாம் ஹென்றி மன்னனின் தங்கை மேரி 1514இல் பிரான்சிய அரசன் பன்னிரண்டாம் லூயியை மணந்தாள். அவளுக்குப் பிரெஞ்சு கற்பித்தவர் இவர். ஆங்கில வினைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றைப் பிரெஞ்சில் எவ்வாறு சொல்வது என்பதை எடுத்துக்காட்டு வாக்கியங்களுடன் விளக்கினார். தாம் இலண்டனிற் பிறந்த ஆங்கிலேயர் என்பதை முகப்பிலேயே பொறித்தார். மற்றொரு செய்தியும் உண்டு. தம் சொற்படியன்றிப் பிறருக்கு நூலை விற்கலாகாதென அச்சிடுவோருக்குக் கட்டளையிட்டாராம். எல்லாரும் நூலை வாங்கிவிட்டால் கற்பித்துப் பெறும் ஊதியம் குறையுமன்றோ! உபாத்தியாயர்களை நன்கறிந்தோர் இதனை நம்பத் தயங்கார்.

அதே காலத்தில் ஜைல்ஸ் து வெஸ் என்னும் பிரெஞ்சுக்காரர், ஹென்றியின் மகள் இளவரசி மேரிக்கு ஆசிரியராயிருந்தார். முப்பது ஆண்டுக்கு மேல் கற்பித்த தமக்கே வழுவா விதிகள் கிட்டாதிருக்க, அம்மொழியிற் பிறவாதோர் விதி வகுக்கத் துணிவதென்ன என்று அவர் தம் நூலில் ஏளனம் செய்தார். இளவரசியும் பரிவாரத்தாரும் பேசும் உரையாடல்களே அந்நூலின் உயிர். அது சில ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் அச்சேறியது. பால்ஸ்கிரேவின் பெருநூலோ 1852 வரை மறுபதிப்புக் காணவில்லை. ஆயினும் எம் கருத்திலே, ஒரு மொழியை வெளியிலிருந்து வந்து கற்றவனே கற்போன் எங்கே இடறுவான் என்பதை அறிவான். அவ்வகையில் பால்ஸ்கிரேவின் உழைப்பே பெரிது.

பின்னர் வந்தோர் ஏதிலிகள். பிரான்சிலே சமயக் கொடுமைக்கு உள்ளான புரட்டஸ்தாந்தர் பலர் இலண்டனில் அடைக்கலம் புகுந்தனர். கையிற் பொருளில்லாத அவர்களுட் சிலருக்குப் பிழைக்க வழியாய் அமைந்தது தாய்மொழியே. மூலேன் நகரத்துக் குளோட் தெசாங்லியான் அவர்களுள் ஒருவர். ஆங்கிலேயர் நாவுக்கு ஏற்பத் தம் பெயரை ஹொலிபாண்ட் என மாற்றிக்கொண்டார். பாரிஸ் நகரில் புரட்டஸ்தாந்தர் கொன்று குவிக்கப்பட்டது 1572இல்; அடுத்த ஆண்டிலே அவரது முதற்பாடநூல் வெளிவந்தது. ஏழு மணி கடந்தும் துயிலெழாத சிறுவனைப் பள்ளிக்கு விரட்டும் உரையாடல் அதில் உண்டு. படுகொலையின் நிழல் அவ்வரிகளில் விழவில்லை.

பிரெஞ்சிலே எழுதப்படும் எழுத்தெல்லாம் ஒலிக்கப்படுவதில்லை. ஒலியா எழுத்துகளை நீக்கியே எழுதலாமென அக்காலத்துப் பிரான்சிய அறிஞர் சிலர் வாதாடினர். ஹொலிபாண்ட் எழுத்தை மாற்றவில்லை. எந்த எழுத்தை நாவு விட்டுவிட வேண்டுமோ, அதற்கு ஒரு சிறு சிலுவைக்குறி இட்டு அச்சிடுவித்தார். இலண்டன் சிறுவர் அக்குறிகளைப் பார்த்துப் பார்த்து வாய்விட்டுப் படித்தனர்.