பின்னே காட்டும் ஆடி

மோட்டார் வண்டியின் சரித்திரத்தை எழுதுவோர் எஞ்சினுக்குப் பல அத்தியாயங்களை ஒதுக்குவர். டயருக்கும் பிரேக்குக்கும் சில அத்தியாயங்கள் கிடைக்கும். ஓட்டுபவரின் கண்ணுக்குச் சற்று மேலே தொங்கும் சிறு ஆடிக்கு ஒரு பத்தி கிடைப்பதே அரிது. ஆயினும், சாலையில் செல்லும் ஒவ்வொரு ஓட்டுநரும் வேகத்தைக் குறைக்குமுன்னும், பாதை மாறுமுன்னும், வண்டியை நிறுத்துமுன்னும் நிமிர்ந்து நோக்குவது அந்தச் சிறு பொருளைத்தான். ரியர்வியூ மிரர் என்று பட்டறைகளில் வழங்கும் அந்தப் பின்பார்வை ஆடியின் கதையை இன்று மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஆடி செய்யும் கலை மிகப் பழையது. கண்ணாடியின் முதுகில் வெள்ளி பூசும் இரசாயன முறையை ஜெர்மானிய விஞ்ஞானி யூஸ்டஸ் ஃபான் லீபிக் 1835-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்துவிட்டார். எனவே, மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் நல்ல ஆடிக்குப் பஞ்சமில்லை. பஞ்சமாயிருந்தது, ஓடும் வண்டியில் அதை ஆடாமல் நிறுத்தும் வழிதான். பெயர் ஆடியென்றாலும் அது ஆடக் கூடாத பொருள். இதை மனத்தில் கொண்டு பார்த்தால் அதன் சரித்திரம் முழுவதும் நமக்கு எளிதில் விளங்கும்.

குதிரை வண்டிக் காலத்தில் பின்னால் வருவதைப் பார்க்க வேண்டுமானால் தலையைத் திருப்பினால் போதும். குதிரைக்கும் கண் உண்டு. ஓட்டுபவர் திரும்பினாலும் அது பாதையை விட்டு எளிதில் விலகாது. மோட்டார் வண்டிக்கு அந்தக் கண் இல்லை. மணிக்கு 40 மைல் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 59 அடி கடந்துவிடுகிறது. இரண்டு நொடி பின்னே திரும்பிப் பார்த்தவர் நூறடிக்கு மேல் முன்னே பாராமல் ஓட்டியவராகிறார். வேகம் வந்தவுடன், திரும்பாமலே பின்னே பார்க்கும் தேவையும் கூடவே வந்துவிட்டது.

இத்தேவையைத் தெளிவாக எழுதி வைத்தவர்களுள் ஒருவர் டாரதி லெவிட் என்னும் ஆங்கிலப் பெண்மணி. அவர் பந்தயங்களில் கார் ஓட்டிப் புகழ் பெற்றவர். பெண்கள் வண்டி ஓட்டுவதே வியப்பாகக் கருதப்பட்ட நாளில், பெண்களுக்கென்றே மோட்டார் ஓட்டும் முறையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1909-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெண்கள் காரில் ஒரு சிறிய கைக்கண்ணாடியை வைத்திருக்க வேண்டுமென்றும், நெரிசலில் செல்லும்போது அவ்வப்போது அதை உயர்த்திப் பிடித்துப் பின்னால் வருவதைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றும் அதில் அவர் யோசனை கூறினார். முகம் பார்க்கும் பொருளைச் சாலை பார்க்கும் பொருளாக மாற்றிய யோசனை அது. ஆனால் அந்த ஆடியைத் தாங்கியது மனிதக் கை. அந்தக் கை அதே சமயத்தில் ஸ்டியரிங்கையும் பிடித்தாக வேண்டும்.

அடுத்த படி அமெரிக்காவில், பந்தயத் திடல் ஒன்றில் எடுத்து வைக்கப்பட்டது. இண்டியானாபொலிஸ் நகரின் முதல் 500 மைல் பந்தயம் 1911-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி நடந்தது. அக்காலத்தில் பந்தயக் கார்களில் ஓட்டுநருக்கு அருகே ஒரு மெக்கானிக்கும் அமர்வது வழக்கம். பின்னால் வரும் கார்களைக் கவனித்துச் சொல்வது அவருடைய வேலைகளுள் ஒன்று. ரே ஹரூன் என்னும் பொறியியலாளர் மார்மன் கம்பெனியின் மஞ்சள் நிறக் கார் ஒன்றில் தனியொருவராய் வந்தார். துணையாள் இல்லாதவர் பின்னே வருபவர்களுக்கு அபாயம் விளைவிப்பார் என்று மற்ற ஓட்டுநர்கள் ஆட்சேபித்தனர். ஹரூன் தம் இருக்கைக்கு முன்னே ஓர் ஆடியைப் பொருத்தி அந்த ஆட்சேபத்துக்கு விடை கூறினார். சிகாகோவில் ஒரு குதிரை வண்டியில் அத்தகைய ஆடியைப் பார்த்த நினைவே தமக்கு வழிகாட்டியது என்று அவர் பிற்காலத்தில் சொன்னதுண்டு.

இடையில் சிறிது நேரம் மாற்று ஓட்டுநர் ஒருவர் அந்தக் காரை ஓட்டினார். 500 மைலையும் 6 மணி 42 நிமிடங்களில் கடந்து ஹரூன் முதலாவதாக வந்தார். சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 75 மைல். பின்பார்வை ஆடி பிறந்த நாள் இதுவே என்று பல நூல்கள் கூறுகின்றன. அக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. 1909-இல் லெவிட் எழுதியதை இப்போதுதான் பார்த்தோம். அதற்கும் முன்னதாக, 1906-ஆம் ஆண்டிலேயே பிரான்சில் மோட்டார் வண்டி ஆடி ஒன்றுக்குக் காப்புரிமை பெறப்பட்டிருக்கிறது. வெற்றி பெற்றவரின் பெயர் நிலைப்பதும், யோசனை சொன்னவரின் பெயர் மறைவதும் சரித்திரத்தில் புதியவை அல்ல.

இதைவிடச் சுவையான செய்தி வேறொன்று உண்டு. அந்தத் திடலின் தரை செங்கல் பாவியது. அதன் மேல் கார் பறந்தபோது ஆடி ஓயாமல் அதிர்ந்ததாகவும், அதில் ஒன்றுமே தெளிவாகத் தெரியவில்லையென்றும் ஹரூனே பின்னர் ஒப்புக்கொண்டார். உலகப் புகழ் பெற்ற அந்த ஆடி, தன் கடமையைச் செய்யாமலே புகழ் பெற்றது!

அதிர்வு ஏன் இவ்வளவு கெடுதி செய்கிறது? பள்ளியில் நாம் படித்த ஒளி விதியே இதற்கு விடை தருகிறது. ஆடி ஒரு பாகை திரும்பினால், அதிலிருந்து மீளும் கதிர் இரண்டு பாகை திரும்பும். அதாவது, பிடி செய்யும் பிழையை ஆடி இரட்டிப்பாக்குகிறது. 150 அடி பின்னால் வரும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஆடி ஒரே பாகை அசைந்தாலும், பார்வை அங்கே ஐந்து அடிக்கு மேல் விலகிவிடும். அது ஒரு சிறிய காரின் அகலத்துக்குச் சமம். தளர்ந்த ஆடியில் லாரி ஒன்று தெரிவதும் மறைவதுமாய் இருப்பதற்குக் காரணம் இதுதான். பின்னால் ஒன்றுமில்லை என்று எண்ணி ஓட்டுபவர் வண்டியை ஒடிக்கிறார். லாரி அங்கே இருக்கிறது. ஆடியே இல்லாதவர் தமக்குத் தெரியாது என்பதை அறிந்திருப்பார். ஆடும் ஆடியை நம்புகிறவர் அதையும் அறியமாட்டார்.

1921-ஆம் ஆண்டில் எல்மர் பெர்கர் என்னும் அமெரிக்கர் பின்பார்வை ஆடிக்குக் காப்புரிமை பெற்று அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். துரத்தி வரும் போலீஸ்காரரைக் கண்டுகொள்ளும் கருவி என்ற பொருளில் அதற்குப் பெயரிட்டது அவருடைய வியாபார சாதுரியம். கூரையுள்ள கார்கள் பெருகப் பெருக, ஆடியும் வண்டிக்குள் வந்து சேர்ந்தது. முன்புறக் கண்ணாடிக்கு மேலுள்ள இரும்புச் சட்டத்தில் திருகாணிகளால் பொருத்தப்பட்ட ஒரு தண்டு அதைத் தாங்கியது. தண்டின் நுனியில் குண்டு போன்ற ஒரு மூட்டு. கையால் திருப்பினால் திரும்பவும், அதிர்வினால் திரும்பாமலிருக்கவும் போதுமான இறுக்கம் அந்த மூட்டில் இருக்க வேண்டும். பிற்காலத்தில் வேறொரு முறையும் வந்தது. முன்புறக் கண்ணாடியின் உட்பக்கத்தில் ஓர் உலோகப் பொத்தானைப் பசையால் ஒட்டி, அதன் மேல் ஆடியின் காலைச் செருகிவிடுவார்கள்.

பழைய வேன் ஒன்றில் தளர்ந்த ஆடியைக் கழற்றி மாற்றும் வேலையை நானே செய்திருக்கிறேன். தளர்ச்சி எங்கே என்று முதலில் கண்டறிவதே இதில் பாதி வேலை. திருகாணியின் துளை தேய்ந்திருக்கலாம், குண்டு மூட்டு தேய்ந்திருக்கலாம், பசை விட்டிருக்கலாம். துளை தேய்ந்திருந்தால் சற்றே பருத்த திருகாணி போதும். அது நீளமானதாயிருந்தால் கூரைத் தகட்டையோ உள்ளே ஓடும் மின்கம்பியையோ துளைத்துவிடும். மூட்டை இறுக்கத் திருகாணி இருந்தால் இறுக்கலாம்; இல்லையேல் ஆடியை முழுமையாக மாற்றுவதே முறை.

பசை விட்டிருந்தால், பொத்தான் இருந்த இடத்தைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் மெழுகுப் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். உட்புறத்துப் பழைய பசையைச் சவரத் தகட்டால் சுரண்டி, பொத்தானை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டையும் ஸ்பிரிட்டால் துடைத்து உலர விட வேண்டும். பிறகு, தூண்டு திரவத்தைத் தடவி, ஒரே துளி பசையிட்டு, ஒரு நிமிடம் அசையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது நன்றாக இறுகிய பின்பே ஆடியை மாட்ட வேண்டும். ஓரிரவு பொறுப்பது உத்தமம். வீட்டில் கிடைக்கும் சாதாரணப் பசை இங்கே நிலைக்காது. வெயிலில் உலோகம் ஓர் அளவும் கண்ணாடி வேறோர் அளவும் விரிவதால், விறைப்பான பசை நாளடைவில் விரிசல் விட்டுவிடும்.

இத்தகைய பசையின் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் டிரினிடி கல்லூரியில் இரசாயனப் பேராசிரியராயிருந்த வெர்னன் கிரீபிள், 1953-ஆம் ஆண்டில் புதுமையான ஒரு திரவத்தை உருவாக்கினார். காற்றுப் படும் வரையில் அது திரவமாகவே இருக்கும். காற்றுப் புகாத இடுக்கில், உலோகத்தின் அருகே, இறுகிவிடும். அதிர்வினால் திருகாணிகள் கழன்றுவிடாமல் காப்பதே அதன் முதல் நோக்கம். ஹரூனின் ஆடியைக் குலைத்த அந்த அதிர்வையே ஒரு பேராசிரியர் சோதனைக்கூடத்தில் எதிர்கொண்டார் எனலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, ஆடியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு கெட்டியாகப் பொருத்திவிட்டால் போதுமே என்று மாணவர்கள் நினைக்கலாம். இங்கேதான் கதை திரும்புகிறது. வண்டி மோதும்போது உள்ளே இருப்பவரின் தலை முன்னே பாய்கிறது. அந்த நேரத்தில் விறைத்து நிற்கும் ஆடி ஓர் ஆயுதமாகிவிடும். கார்களின் உட்புற அமைப்பே பலரைக் காயப்படுத்துகிறது என்பதை ரால்ஃப் நேடர் 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அமெரிக்க மக்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே அந்நாட்டில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1968-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அமலுக்கு வந்த பின்பார்வை ஆடி விதி, தலை மோதக்கூடிய இடத்திலுள்ள ஆடியின் பிடி 90 பவுண்டு விசைக்கு உட்படும்போது வளைந்தோ, மடங்கியோ, கழன்றோ கொடுக்க வேண்டும் என்று வகுத்தது. கூரிய முனை எதுவும் மிஞ்சக் கூடாது என்றும் சொன்னது.

ஆகவே, ஆடியைத் தாங்கும் பிடிக்கு இரண்டு கடமைகள் உண்டு. சாலையின் அதிர்வுக்கு அது அசையக் கூடாது; மனிதத் தலைக்கு அது வழிவிட வேண்டும். ஆடும் ஆடியைச் சரிசெய்கிறேன் என்று பெரிய போல்ட்டை முடுக்குவதும், பற்றவைத்து விடுவதும் முதல் கடமையைக் காத்து இரண்டாவதைக் கொல்லும் செயல்கள். பழைய வேனாயினும் அதற்கென்று அமைந்த உறுப்பையே வாங்கிப் பொருத்த வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

2018-ஆம் ஆண்டு மே மாதம் முதல் அமெரிக்காவில் புதிய கார்களும் சிறிய வேன்களும் பின்புறக் காமிராவோடு வர வேண்டும் என்று விதி ஏற்பட்டது. பின்னோக்கி ஓட்டும்போது ஆடியில் அகப்படாத குழந்தையையும் காமிரா காட்டுகிறது; இது பெரும் நன்மை. அந்தக் காமிராவும் ஆடாத ஒரு பிடியில்தான் நிற்க வேண்டும். அடுத்த முறை நீங்கள் ஒரு வேனில் ஏறும்போது, முன்னே தொங்கும் ஆடியைச் சற்றே கவனியுங்கள். அதில் சாலை நடுங்கினால் ஓட்டுநரிடம் மரியாதையோடு சொல்லுங்கள். அந்த ஒரு சொல், பின்னால் சைக்கிளில் வரும் முகம் தெரியாத ஒருவரைக் காப்பாற்றக்கூடும்.